கடைவீதிப் பொருளாதாரம் – 9: பூட்டு விழுந்த பைக் ஷோரூம்கள்

ஒரு ஊரில் பைக் ஷோரூம் மூடப்படுகிறது என்றால், அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அதே மாதங்களில் அந்தக் கடைக்குக் கம்பெனி அனுப்பிய வண்டிகள் எல்லாம் நாட்டின் கணக்கில் ‘விற்ற வண்டிகள்’ என்றே ஏறியிருக்கும். 2018 முதல் 2022 வரை இந்திய இரு சக்கர வாகன வணிகம் கண்ட சரிவை விளங்கிக்கொள்ள, கடையின் கணக்குக்கும் நாட்டின் கணக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வெளியிடும் எண்ணிக்கை, தொழிற்சாலையிலிருந்து டீலருக்குப் போன வண்டிகளின் எண்ணிக்கை. அந்த வண்டியை யாராவது வாங்கி வீட்டுக்கு ஓட்டிப்போனார்களா என்பது அதில் தெரியாது. அந்தக் கணக்கிலேயேகூடச் சரிவு பெரிது. 2018-19இல் உள்நாட்டில் 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட இரு சக்கர வாகனங்கள் போயின. அதுதான் அதுவரை கண்ட உச்சம். அடுத்த ஆண்டு 1 கோடியே 74 லட்சம். 2020-21இல் 1 கோடியே 51 லட்சம். 2021-22இல் 1 கோடியே 35 லட்சம். மூன்றே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு சந்தை காணாமல் போயிற்று. 2024-25இல் 1 கோடியே 96 லட்சம் வரை மீண்டு வந்தும் பழைய உச்சத்தை எட்டவில்லை.

இந்த எண்ணிக்கையின் அடியில் இருப்பவை ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களின் கடைகள். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டரில், ஐராலா மண்டலத்தில், பாஹுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். அங்குள்ள வரசித்தி விநாயகர் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போடுவது இந்த வட்டாரத்து வழக்கம். உகாதி, விநாயகர் சதுர்த்தி, தசரா, தீபாவளி என்று வண்டி எடுக்க நல்ல நாட்கள் உண்டு. சதுர்த்தியில் தொடங்கும் காணிப்பாக்கம் பிரம்மோற்சவம் 21 நாள் நடக்கும். ஆடியிலும் மகாளய பட்சத்திலும் வண்டி எடுப்பவர்கள் குறைவு. ஷோரூம்காரர்களின் ஆண்டுக் கணக்கே இந்தப் பஞ்சாங்கத்தை ஒட்டி அமைந்தது. பண்டிகைக்கு முன் ஸ்டாக் ஏற்றி, பண்டிகையில் தீர்த்து, வங்கிக் கடனை அடைப்பது நடைமுறை. ஒரு பண்டிகை தவறினால் அடுத்த பண்டிகை வரை வட்டி ஓடும்.

இங்கே பைக் வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு அது பிழைப்புச் சாமான். பால் கேனைச் சங்கத்துக்கு எடுத்துப்போக, தோத்தாப்புரி மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் போய்வர, ஸ்ரீசிட்டி ஆலைகளிலோ கரகம்பாடி பேட்டரித் தொழிற்சாலையிலோ ஷிப்டுக்குப் போக, திருப்பதியில் யாத்ரீகர்களை நம்பிய லாட்ஜிலும் கடையிலும் வேலை செய்ய என்று காரணங்கள் பல. ஆகவே விற்பனை பெரும்பாலும் 100 முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில்தான். இந்த வகையில் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. எண்ணிக்கைதான் கடையைக் காப்பாற்றும்.

டீலரின் தொழில் எப்படி நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டி கம்பெனியுடையது அல்ல, டீலருடையது. விற்ற பிறகு காசு கொடுக்கும் ஏற்பாடு இதில் இல்லை. வண்டி லாரியில் ஏறும்போதே டீலரின் கணக்கிலிருந்தோ, அவர் பெயரில் வங்கி கொடுத்திருக்கும் கடன் வரம்பிலிருந்தோ கம்பெனிக்குப் பணம் போய்விடும். அதற்கு ஈடாக டீலர் பெரும்பாலும் சொந்த வீட்டையோ நிலத்தையோ எழுதிக்கொடுத்திருப்பார். கம்பெனி சொல்லும் நிறத்தில், சொல்லும் அளவில், சொல்லும் பெயர்ப்பலகையோடு ஷோரூம் கட்டுவதும் அவர் செலவு. சர்வீஸ் கொட்டகை, உதிரிபாக இருப்பு, மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி எல்லாம் அப்படியே. மண்டலத் தலைநகர்களில் இருக்கும் சப்-டீலர்கள் இவரிடமிருந்து வண்டி எடுத்து விற்பவர்கள். அவர்களுக்கு இதைவிடச் சின்ன முதல், இதைவிடச் சின்ன லாபம்.

வருமானம் வண்டி விற்பதில் மட்டும் இல்லை. சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ், இன்சூரன்ஸ் கமிஷன், பைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் தொகை, கூடுதல் துணைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்துதான் வாடகையும் சம்பளமும் வருகின்றன. நல்ல காலத்தில் சர்வீஸ் வருமானமே நிலையான செலவுகளில் பெரும்பகுதியைச் சுமக்கும். புது வண்டி விற்பனை இரண்டு, மூன்று ஆண்டு தொடர்ந்து சரிந்தால் சர்வீஸுக்கு வரும் வண்டிகளும் பின்னாலேயே குறையும். சரிவு கடையை இரண்டாம் முறை தாக்குவது இங்கேதான். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

வட்டியின் சுமையை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். ஒரு வண்டி டீலருக்கு 60,000 ரூபாய்க்கு வருகிறது, வங்கி வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டி ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் 600 ரூபாய் தின்னும். 200 வண்டிகள் மூன்று வாரத்தில் தீர்ந்தால் வட்டி ஏறத்தாழ 84,000 ரூபாய். அதே 200 வண்டிகள் இரண்டு மாதம் நின்றால் 2,40,000 ரூபாய். வாகன டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா, 21 நாள் ஸ்டாக் போதும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2019 நடுப்பகுதியில் பல இரு சக்கர வாகனக் கடைகளில் ஸ்டாக் ஏறத்தாழ இரண்டு மாத அளவுக்கு ஏறிவிட்டது. கம்பெனி மாத இலக்கு வைக்கும்; மாதக் கடைசியில் பில் போட்டு வண்டியை அனுப்பிவிடும். வேண்டாம் என்று சொல்லும் டீலருக்கு இலக்குக்கான ஊக்கத்தொகை போகும். நன்றாக ஓடும் மாடல் அடுத்த மாதம் குறைவாக வரும். இதை இரு தரப்பின் வணிக உடன்பாடு என்று சொல்வது சரியல்ல. ஒரு தரப்புக்கு மறுக்கும் வலிமை இல்லை.

சரிவு ஏன் வந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 2018 செப்டம்பரிலேயே இரண்டு அடிகள் சேர்ந்து விழுந்தன. உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி, புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்ற விதி அந்த மாதம் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு ஓராண்டுக்கு 720 ரூபாயாக இருந்த பிரீமியத்தின் இடத்தில் 3,285 ரூபாய் முன்கூட்டியே கட்ட வேண்டியதாயிற்று. விதியின் நோக்கம் நல்லது. காப்பீடு இல்லாத வண்டி மோதிச் செத்தவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்பதை அது தடுக்கிறது. ஆனால் முன்பணம் சேர்த்துக்கொண்டு வரும் பால்காரருக்கு கூடுதலான அந்த இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் பெரிய தொகை. அதே மாதத்தில் பெரும் நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியது. வங்கிசாராக் கடன் நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது இறுகிற்று. கிராமத்தில் பைக்குக்குக் கடன் கொடுப்பவை பெரும்பாலும் அந்த நிறுவனங்கள்தாம். அவை கையை இறுக்கியதும், ஊதியச் சீட்டு காட்ட முடியாத விவசாயிதான் முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். ராயலசீமாவில் அந்த ஆண்டு மழையும் பொய்த்தது.

2019 ஏப்ரலில் பிரேக் பாதுகாப்பு விதிகள் விலையை இன்னும் ஏற்றின: 125 சிசி வரை இணைந்த பிரேக் அமைப்பு, அதற்கு மேல் ஏபிஎஸ். ஓராண்டு கழித்து பிஎஸ்-6 மாசு விதி. கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி அமைப்பு வந்ததால் சாதாரண 100 சிசி வண்டியின் விலை பத்து சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. இதற்கெல்லாம் மேலே 28 சதவீத ஜிஎஸ்டி. உழைப்பாளியின் பைக்கும் ஆடம்பரப் பொருள்களும் ஒரே வரி அடுக்கில் எட்டு ஆண்டுகள் இருந்தன.

2019 ஆகஸ்டில் ஃபாடா வெளியிட்ட கணக்கு நாட்டை உலுக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் வரையிலான 18 மாதங்களில் 271 நகரங்களில் 286 ஷோரூம்கள் மூடப்பட்டு, 32,000 பேர் வேலை இழந்திருந்தார்கள். அதற்குப் பிந்தைய மூன்று மாதங்களில் மேலும் ஏறத்தாழ 2 லட்சம் வேலைகள் போயின என்றது கூட்டமைப்பு. இவை கார், லாரிக் கடைகளையும் சேர்த்த எண்ணிக்கை. நிதியமைச்சர் ஆகஸ்ட் 23 அன்று சில சலுகைகளை அறிவித்தார்.

பிறகு வந்தது 2020 மார்ச். பிஎஸ்-4 வண்டிகளை அந்த மாதம் 31ஆம் தேதிக்குள் விற்று முடிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2018லேயே விதித்த கெடு. கடைசி வாரத்தில் ஊரடங்கு. ஏறத்தாழ 7 லட்சம் பிஎஸ்-4 இரு சக்கர வாகனங்கள் கடைகளிலேயே தங்கிவிட்டன என்று ஃபாடா நீதிமன்றத்தை அணுகியது. மிச்சத்தில் பத்து சதவீதத்தை ஊரடங்குக்குப் பின் பத்து நாளில் விற்கலாம் என்று மார்ச் 27 அன்று நீதிமன்றம் அனுமதித்தது. அனுமதிக்கு மீறி வண்டிகள் விற்கப்பட்டதைக் கண்டு ஜூலை 8 அன்று அதையும் திரும்பப் பெற்றது. பதிவு செய்ய முடியாத வண்டி பழைய இரும்பு விலைக்கும் உதிரிபாக விலைக்கும் இறங்கிவிடும். 2017இலும் பிஎஸ்-3 வண்டிகளுக்கு இதே நிலை வந்தது. அப்போது மார்ச் கடைசி மூன்று நாளில் பெரும் தள்ளுபடி கொடுத்துத் தீர்க்க முடிந்தது. 2020இல் கதவைத் திறக்கவே வழியில்லை.

திருப்பதி வட்டாரத்துக்கு அந்த ஊரடங்கு பல ஊர்களைவிடக் கடுமை. மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் 8இல் சோதனையாகத் தொடங்கி, 11 முதல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதுவும் குறைந்த எண்ணிக்கையில். நாள்தோறும் பல்லாயிரம் பேர் வந்துபோகும் ஊரில் அந்த வரவு நின்றால் லாட்ஜ், டாக்சி, பூக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் சம்பளம் நிற்கும். தவணை கட்ட முடியாமல் போன பைக்குகளைப் பைனான்ஸ்காரர்கள் பறிமுதல் செய்து பழைய வண்டிச் சந்தையில் விடுவார்கள். அது புது வண்டியின் விலையோடு போட்டி போடும்.

சித்தூர் மாவட்டத்தின் துயரம் தேசியக் கணக்கில் தெரியாமலே போனதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. கம்பெனி அனுப்பிய வண்டிகளின் கணக்கு போதாது என்று, போக்குவரத்து அலுவலகங்களின் ‘வாகன்’ என்னும் பதிவு அமைப்பின் தரவை வைத்துச் சில்லறை விற்பனையை மாதந்தோறும் வெளியிடத் தொடங்கியது ஃபாடா. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆந்திரம், தெலங்கானா, மத்தியப் பிரதேசம் ஆகியவை வாகன் அமைப்புக்குள் இல்லை. சித்தூரில் ஒரு மாதம் எத்தனை வண்டி உண்மையில் விற்றது என்பது, சரிவின் மிக மோசமான கட்டத்தில், எந்த தேசியப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆந்திரம் பிறகுதான் சேர்ந்தது. அன்று அதே மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு மண்டலம் மாதன்னபாளையத்தில் 1,600 கோடி ரூபாய் முதலீட்டில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலைக்கு 2018 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொழிற்சாலை எங்கே வருகிறது என்பதை அரசுகள் விழா எடுத்துச் சொல்கின்றன. கடை எங்கே மூடுகிறது என்பதைப் பதிவு செய்ய ஓர் அலுவலகமும் இல்லை.

ஷோரூம் மூடினால் அதோடு போவது பல. இலவச சர்வீஸ் பாக்கி இருக்கும் வாடிக்கையாளர் பக்கத்து ஊர் டீலரைத் தேடிப்போக வேண்டும். பதிவு ஆவணம் பாதியில் நின்றவர்கள் அலைவார்கள். பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் சாலையோரத்தில் சொந்தக் கொட்டகை போடுவார்கள், அல்லது பெங்களூரு, சென்னைக்குப் போவார்கள். கணக்கெழுதிய பெண்களுக்கும் விற்பனைக்கு நின்ற இளைஞர்களுக்கும் சொந்த ஊரிலேயே மாதச் சம்பளம் தந்த வேலைகள் அவை. அப்படிப்பட்ட வேலை சிற்றூர்களில் அதிகம் இல்லை. டீலரின் கையில் எஞ்சுவது விற்காத உதிரிபாகங்களும் வங்கியின் நோட்டீசும்.

உதிரிபாகத்தைக் கம்பெனி திரும்ப எடுக்குமா, ஷோரூம் முதலீட்டுக்கு ஈடு கிடைக்குமா என்பதெல்லாம் கம்பெனி எழுதித்தரும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இந்தியாவில் டீலரைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாது. 2020 செப்டம்பரில் ஹார்லி-டேவிட்சன் இந்தியாவில் தன் நேரடிச் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தபோது, முப்பதுக்கும் மேற்பட்ட டீலர்கள் அதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை என்று ஃபாடா குற்றஞ்சாட்டியது. 2,000 வேலைகள் வரை போகும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு யூஎம் லோஹியா மோட்டார் சைக்கிள் நிறுவனமும் தன் டீலர்களை விட்டுச் சென்றிருந்தது. அதே ஹார்லியின் சொந்த நாடான அமெரிக்காவில், கார், லாரிக் கம்பெனி நியாயமின்றி நடந்துகொண்டால் டீலர் நீதிமன்றம் போக 1956லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. மாநிலங்களின் டீலர் பாதுகாப்புச் சட்டங்கள் தனி. இந்திய நாடாளுமன்றத்தின் தொழில்துறை நிலைக்குழு 2020 டிசம்பரில் இத்தகைய சட்டத்தைப் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் வரவில்லை.

இலங்கையில் இதே நெருக்கடி வேறு வடிவில் வந்தது. அந்நியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், புது மோட்டார் சைக்கிள் வரத்து அற்ற நிலையில், கடைகள் பழைய வண்டியையும் உதிரிபாகத்தையும் நம்பி ஓட வேண்டியிருந்தது.

இந்தியாவில் சரிவு ஓய்ந்தபோது கடை வைத்தவர்களுக்குப் புதிதாக ஓர் ஆபத்து வந்தது. பெட்ரோல் வண்டி ஷோரூமை மூடியவர்களும் புதியவர்களும் குறைந்த முதலில் மின்சார ஸ்கூட்டர் டீலர்ஷிப் எடுத்தார்கள். உள்நாட்டு உதிரிபாகம் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை மீறியதாகச் சொல்லி, சில மின்சார வண்டி நிறுவனங்களுக்குத் தந்துவந்த மானியத்தை மத்திய அரசு நிறுத்தியது. 2023 ஜூனில் எல்லோருக்குமான மானியமும் குறைக்கப்பட்டது. ஹீரோ எலக்ட்ரிக் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று (மோட்டோகார்ப் வேறு நிறுவனம்).

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 80,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள வண்டியில் 8,000 ரூபாய் மிச்சம். அந்த ஆண்டு கோடையில் தோத்தாப்புரி விலை விழுந்து, மாநில அரசு கிலோவுக்கு 4 ரூபாய் உதவித்தொகை தர வேண்டி வந்த சித்தூருக்கு இந்தக் குறைப்பு பெரிய உதவி. வாங்குபவரின் சுமை இதனால் இறங்குகிறது. டீலரின் ஒப்பந்தத்திலும், மாதக் கடைசி பில்லிலும், அடமானம் வைத்த நிலத்திலும் எதுவும் மாறவில்லை.