உயிரை விட்டுவிடும், கவசத்தைத் தின்றுவிடும்: ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

கத்தியால் வெட்டினால் கத்தி துருப்பிடிக்கும். அது உங்களைத் தொட்டால் இரும்புக் கவசம் உதிர ஆரம்பிக்கும். ஆனால் ஆளைக் கொல்வதில் அதற்குப் பெரிய ஆர்வம் இல்லை. அதற்குப் பசி, அவ்வளவுதான். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுபவர்கள் டிராகனைவிட அதிகம் திட்டும் இந்தக் குட்டி மிருகத்தின் பெயர் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ சீரிஸில் பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதே கேம்தான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கியது. ‘டன்ஜன் மாஸ்டர்’ கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதை டைஸ் சொல்லும்.

எங்கிருந்து வந்தது?

கைகாக்ஸ் தன் ஆட்டத்துக்காகக் கடையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளில் இருந்து! டைனோசர் மாதிரியும் இல்லாமல், பூச்சி மாதிரியும் இல்லாமல் இருந்த விநோத உருவங்களுக்கு அவரே பெயரும் குணமும் கொடுத்தார். ‘அவுல்பேர்’ என்ற ஆந்தைக் கரடியும் அப்படி வந்ததுதான். ரஸ்ட் மான்ஸ்டர் 1975-ல் ‘கிரேஹாக்’ புத்தகத்தில் அச்சேறியது.

எவ்வளவு ஆபத்து?

2014-ல் வந்த 5-ம் பதிப்பின்படி, இதன் கடி சராசரியாக 5 புள்ளிதான் குறைக்கும். இதே சவால் நிலையில் இருக்கும் ‘ஆர்க்’ கோடரியால் வெட்டினால் 9 புள்ளி போகும். ஆக, அடிதடியில் இது சாதாரணம்.

பிரச்சினை அதன் உணர்கொம்பில் இருக்கிறது. 30 அடி தூரத்திலேயே இரும்பை மோப்பம் பிடித்துவிடும். 1,500 தங்கக் காசு கொடுத்து வாங்கிய முழுக் கவசத்தின் தற்காப்பு எண் 18. உணர்கொம்பு பட்டு, டைஸும் கைவிட்டால் ஒவ்வொரு முறையும் 1 குறையும். 10-க்கு இறங்கினால் கவசம் காலி. கேடயம் என்றால் இரண்டே தொடுதல் போதும்.

காயம்பட்டால் கதையில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து சரிசெய்துகொள்ளலாம். பல வாரம் ஆடிச் சேர்த்த கவசம் போனால் போனதுதான். பழைய விதிகள் இன்னும் மோசம், மந்திர ஆயுதங்களும் தப்பாது. 5-ம் பதிப்பில் அவற்றுக்கு விலக்கு உண்டு.

எப்படிப் பயன்படுத்தலாம்?

இங்கேதான் டன்ஜன் மாஸ்டரின் பொறுப்பு வருகிறது. எச்சரிக்கையே இல்லாமல் இருட்டில் இருந்து பாயவிட்டால், ஆடுபவருக்கு அது சவாலாகத் தெரியாது. ‘வேண்டுமென்றே என் பொருளைப் பிடுங்கிட்டாங்க’ என்றுதான் தோன்றும். அடுத்த வாரம் அவர் வராமலே போகலாம்.

* முதலில் தடயம் காட்டுங்கள்: தரையில் செம்பழுப்புத் தூள், இரும்பு இல்லாத மரக் கைப்பிடி, வெறும் தோல் வார்கள். கவனித்தவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

* தப்பிக்க வழி வையுங்கள். இரும்பைத் தூக்கிப்போட்டால் அது அதைத் தின்னப் போய்விடும். 10 இரும்பு முளைகளின் விலை 1 தங்கக் காசுதான். மரத்தடி, வெறுங்கை, மந்திரம் எதையும் அது துருப்பிடிக்க வைக்காது.

* யார் முன்னால் போவது என்று அவர்களே முடிவெடுக்கட்டும். எப்போதும் பின்னால் நிற்கும் மந்திரவாதி முன்வரிசைக்கு வருவார். இரும்புக் கவச வீரர் ஓரமாக நிற்பார். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் இந்த மிருகத்தால் கிடைக்கும் சுவாரஸ்யம்.

* எதிரியாகவே வைக்க வேண்டியதில்லை. இது கெட்ட எண்ணம் இல்லாத சாதாரண மிருகம். இரும்புக் கம்பிச் சிறையில் மாட்டிக்கொண்ட குழுவுக்கு, பசியோடு வரும் ரஸ்ட் மான்ஸ்டர்தான் சாவி!

அப்படியும் ஒருவரின் கவசம் போய்விட்டால், ‘சரி, போச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்திலேயே ஒரு கொல்லரையோ, புதிய கவசம் கிடைக்கும் இடத்தையோ கதைக்குள் கொண்டுவாருங்கள். இழந்தவருக்கு அடுத்து செய்ய ஒரு வேலை இருந்தால், அவர் கோபத்தோடு அல்ல, ஆர்வத்தோடு திரும்பி வருவார்.