மேடையில் யார் கற்றுக்குட்டி?

ஒரு குறும்படமோ நாடகமோ சரியில்லை என்றால், 'ரொம்ப அமெச்சூரா இருக்கு' என்று சொல்லிவிடுகிறோம். அரைவேக்காடு, கற்றுக்குட்டி, நுனிப்புல் மேய்கிறவர் என்ற வசவுகளோடு அமெச்சூரும் சேர்ந்துகொண்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னையிலோ அது மரியாதைக்குரிய அடையாளம். படித்தவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், வயிற்றுப்பாட்டுக்காக மேடையேறாதவர் என்றெல்லாம் அதற்கு அர்த்தம்.

அந்த மரியாதையைத் தேடித் தந்தவர்களில் முதல்வர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. பெல்லாரி கிருஷ்ணமாசாரியார் குழுவின் தெலுங்கு நாடகம்தான் தூண்டுதல். படித்து நல்ல நிலையில் இருந்தவர்களே அதில் வேஷம் கட்டியிருந்தார்கள். முதலியாரும் பிறகு வக்கீலானார், நீதிபதியானார். நடிப்பை மட்டும் விடவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபையின் மேடையில் நடித்தவர். சபையின் கையில், விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. பாட்டு குறைந்து வசனம் வளர்ந்தது. முதலியாருக்கு 1959-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

அதே காலம், வேறு பெயர்

அதே காலத்தில் தெற்கே சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமே வாழ்க்கையாக இருந்தார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகவே சேர்ந்தார்கள். சிறுவர்களே நடித்த இதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடம் ஆகும்வரை பயிற்சி. ஊர் ஊராகப் பயணம். இப்படித் தேர்ந்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'கூத்தாடி'. ஒருவர் கௌரவமானவரா இல்லையா என்பதைத் தீர்மானித்தது கூலிதான். திறமையை யாரும் அளக்கவில்லை.

பின்னாளில் சென்னை சபாக்களை நிறைத்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களே. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ், நாகேஷ் ரயில்வே. பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் 1981-ல் பாலசந்தர் இயக்கத்தில் படமானது. கல்விப்புலத்தில் இவர்களுக்குப் 'பயில்முறைக் குழு' என்று பெயர். சம்பளம் வாங்குகிறாரா என்ற கேள்வி மெல்ல மங்கி, வேலை தெரியுமா என்ற கேள்வி அந்த இடத்துக்கு வந்தது. அப்போதுதான் அமெச்சூர் வசவாகத் தாழ்ந்தது. புரொபஷனல் பாராட்டாக உயர்ந்தது.

உயர்வு யாருக்குப் போனது?

அந்தப் பாராட்டு பரம்பரைத் தொழில்காரருக்குப் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. திருவிழா மேடையில் 'வள்ளி திருமணம்' தொடங்கினால் விடியும்வரை போகும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது, எதிராளி எந்தப் பாட்டை எடுத்தாலும் பதில் பாட்டு தயாராக இருக்க வேண்டும். சுருதி மாறினால் ஆர்மோனியக்காரர் அந்த நொடியே பிடித்துக்கொள்ள வேண்டும். இதைவிடத் தேர்ந்த தொழில் எது? ஆனால் முதுமையில் உதவித்தொகைக்கு இவர்கள் மனுப்போடும்போது, அரசு ஏட்டில் கிடைக்கும் பெயர் 'நலிந்த கலைஞர்'.

செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்துக்காரர் பலர் கூத்து இல்லாத மாதங்களில் வயல் வேலை பார்க்கிறார்கள். அவர்களை அமெச்சூர் என்பதா, தொழில்முறை என்பதா? கூலியை வைத்து அளக்கும் கோல் இங்கே பயன்படாது. கலைக்காக ஒருவர் எத்தனை காலம் உழைத்தார், மேடையில் அது தெரிகிறதா என்பதே சரியான அளவு. அந்தக் கோலால் அளந்தால் சம்பந்த முதலியாரும் சங்கரதாஸ் சுவாமிகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கோயில் கமிட்டி, சபா, விமர்சகர், அரசு என எல்லோரும் அந்தக் கோலையே கையில் எடுக்க வேண்டும். நாடகக்காரருக்குப் பேசும் சம்பளமும் அதற்கேற்ப உயர வேண்டும்.