சிந்து சமவெளியின் வீழ்ச்சிக்கு லடாக் ஏரிச் சேறு சாட்சி ஆகுமா? வயதைக் கணிப்பதில் நீடிக்கும் சிக்கல்

சிந்து சமவெளி நகரங்கள் தளர்ந்ததற்கு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியதே காரணமா என்ற விவாதத்தில் லடாக் ஏரிகளின் அடிச்சேறும் சான்றாக முன்வைக்கப்படுகிறது. ஆனால், அந்தச் சான்றின் வயதைக் கணிப்பது எளிதன்று.

சாங்தாங் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது சோ மோரிரி ஏரி. ஓடைகள் வந்து கலக்கும் இந்த ஏரியிலிருந்து நீர் வெளியேற வழி இல்லை. பாசியும் தாவர எச்சங்களும் மண்ணோடு சேர்ந்து அடியில் அடுக்கடுக்காகப் படிகின்றன. குளிரில் நுண்ணுயிரிகளின் செயல்பாடு மந்தமாக இருப்பதால், இந்தக் கரிமப் பொருள் மெதுவாகவே சிதைகிறது. சர்க்கரையும் புரதமும் முதலில் அழிய, இலைகளின் மேற்பூச்சான மெழுகு நீண்டகாலம் எஞ்சி நிற்கிறது.

எஞ்சியது எங்கிருந்து வந்தது என்பதை வேதியியல் காட்டிக்கொடுக்கிறது. பாசியில் புரதம் மிகுதி என்பதால் நைட்ரஜனும் மிகுதி. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 4 முதல் 10 பங்கு கார்பனே இருக்கும். நார்ப்பொருள் நிறைந்த நிலத்தாவரங்களில் இது பொதுவாக 20 பங்கைத் தாண்டும். மெழுகிலும் வேறுபாடு உண்டு. பாசியில் 17 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலியும், நிலத்தாவர இலைகளில் 27, 29, 31 அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளும் மேலோங்கும். ஓர் அடுக்கில் நீண்ட சங்கிலிகள் கூடினால் கரையில் புல் செழித்திருக்கலாம். அல்லது வெள்ளம் மண்ணை அதிகமாக அரித்து வந்திருக்கலாம். எது உண்மை என்பதை அறிய மகரந்தத் துகள்கள், மணலின் பருமன் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலக் கணிப்பில் உள்ளது. கார்பன்-14 அணுக்களின் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். மிகத் தொன்மையான சுண்ணாம்புப் பாறைகளில் அது முற்றிலும் தீர்ந்துவிட்டது. அப்பாறைகள் கரைந்து நீரில் கலக்கும் பழைய கார்பனைப் பாசி உட்கொள்வதால், அண்மையில் மடிந்த பாசியும் ஆய்வகத்தில் பல நூறு ஆண்டுகள், சில ஏரிகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும், முதியதாகத் தோன்றும். காற்றிலிருந்து கார்பனைப் பெறும் நிலத்தாவரத் துண்டுகளில் இப்பிழை இல்லை; ஆனால், குளிர்பாலைவனத்தில் அவை கிடைப்பதே அரிது.

சில நூறு ஆண்டுகள் பிசகினாலும், வறட்சி முந்தியதா, நகரங்களின் தளர்ச்சி முந்தியதா என்பது தலைகீழாகிவிடும். ஆகவே, ஈயம்-210, சீசியம்-137 ஆகியவற்றைக் கொண்டு மேற்பரப்புச் சேற்றின் உண்மை வயதை அறிந்து, கார்பன்-14 காட்டும் மிகை வயதைக் கழிக்கின்றனர். அந்த மிகை எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்பது அனுமானமே. ஏரியின் நீர்மட்டமும் பனிநீர் வரத்தும் மாறும்போது, அதுவும் மாறக்கூடும்.