உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

அமெரிக்காவில் வில் வேட்டைக்கு மறுபடி உயிர் வந்ததில் ஒரு நட்புக்குப் பெரிய பங்கு உண்டு. யாஹி பழங்குடியில் கடைசியாக எஞ்சியவர் இஷி. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர்ப்பக்கம் பசியோடு வந்து சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில்வித்தை கற்றார். (நோயாளி வாத்தியார், டாக்டர் மாணவர்!) உடைந்த பாட்டில் கண்ணாடியைச் செதுக்கியே இஷி அம்புமுனை செய்துவிடுவார். வேட்டைக்கு முதல் நாள் மீனும் புகையிலையும் தொடமாட்டார். அந்த வாடை மானுக்கு வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். விடியலில் ஓடையில் குளித்து, வாசனை இலையை உடம்பில் தேய்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்புவார். 1916-இல் காசநோயால் இறந்தார். போப்போ 1920-இல் நண்பர் ஆர்தர் யங்குடன் யெல்லோஸ்டோன் போய், கிரிஸ்லி கரடியையே அம்பால் வீழ்த்தினார்.