டாக்டரிடம் வாய் திறந்து பேசுங்கள்!

அந்நாளில் மலேரியாவுக்குப் பெரட்டிலேயே கொயினா மருந்து கொடுப்பார்கள். கசந்தாலும் மறுபேச்சின்றி விழுங்க வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஐயா சொன்னதே சட்டம். பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் டாக்டர் முன் உட்கார்ந்தால், "நீங்களே பார்த்துச் செய்யுங்க ஐயா" என்று தலையாட்டும் பழக்கம் நம்மவரில் பலரை விட்டுப் போகவில்லை.

இன்று நம்மைப் பிடித்திருக்கும் நோயோ தலையாட்டினால் தீராது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். நெகிரி செம்பிலானிலோ நூற்றுக்கு 33 பேர்! மாநிலங்களில் இதுவே முதலிடம்.

இனிப்பு நீர் முற்றிச் சிறுநீரகம் பழுதானால், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது: வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். மற்றொன்று, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே மருந்து நீரை விட்டு வடிப்பது. வீட்டிலேயே, வழக்கமாக நாளுக்கு 4 முறை செய்யலாம்; சுத்தம் தவறினால் கிருமி புகுந்துவிடும்.

பலருக்கு இரண்டுமே ஏற்றவைதான். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாரம் 3 நாள் யார் அழைத்துப் போவது? வேலை என்னாவது? வீட்டில் மருந்துப் பெட்டிகள் வைக்க இடம் உண்டா? கண் மங்கிய பாட்டிக்குத் துணை யார்? இதெல்லாம் நாம் சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்! நோயை அறிந்தவர் அவர். நம் வாழ்க்கையை அறிந்தவர் நாம். முடிவுக்கு இருவரும் வேண்டும்.

மருந்துக்கு நான்கு கூறுகள் சொன்ன வள்ளுவர், நோயாளியைத்தான் முதலில் வைத்தார். மருத்துவர் அடுத்துத்தான்!

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1982இல் சாலை விபத்தில் சிக்கிய ஒரு பெண், கழுத்தெலும்பு அறுவைக்குப் பின் முடங்கிப்போனார். அந்த வழக்கில் 2006 டிசம்பர் 29இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை. எது முக்கியம் என்பதை மற்ற டாக்டர்களின் கருத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, நோயாளியின் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். இந்தச் சிகிச்சை எதற்கு? வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மலாய் தடுமாறினால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். விளங்காவிட்டால் "இன்னொரு தடவை சொல்லுங்க" எனக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. உடம்பு நம்முடையது!