கஞ்சா: சட்டம் அனுமதித்தால் உடலும் அனுமதிக்குமா?

சென்ற கோடையில் ஓர் இளைஞர் மூன்றாம் முறையாக நம் புறநோயாளர் பகுதிக்கு வந்தார். வயது இருபத்திரண்டு. எடப்பாடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் விசைத்தறி ஓட்டுபவர். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, நடக்க இயலாத சோர்வு. முன்னிரு முறையும் குளுக்கோஸ் ஏற்றி, வாந்தி நின்றதும் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் இரைப்பையில் குறை எதுவும் தென்படவில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. உறவினர் ஒருவர் செய்வினை என்று கூறி மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்.

நோயைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர், அவருடைய தாயார்தான். சலிப்போடு அவர் சொன்ன ஒரு செய்தி: "நாளைக்கு ஆறேழு தடவை குளிக்கறானுங்க டாக்டர். சுடுதண்ணி மேல ஊத்துனாத்தான் வாந்தி நிக்குதுங்கறான். தண்ணி காயவெச்சே வெறகெல்லாம் தீந்துபோச்சுங்க."

பெற்றோரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியே கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதில் தொடங்கியதாம். இரவு முறை வேலையின் அலுப்புக்கென்று முதலில் வாரம் ஒரு பொட்டலம். பிறகு நாள்தோறும் கஞ்சா.

நீண்ட காலம் இடைவிடாது கஞ்சா புகைப்போரில் சிலருக்கு இத்தகைய அடங்காத வாந்தி வருவதையும், அவர்கள் வெந்நீரில் குளித்து ஆறுதல் தேடுவதையும் 2004-இல் தெற்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதன்முதலாக விரிவாக எழுதினர். பொதுவாக வாந்தியை அடக்கும் இயல்புடைய பொருளே, அளவும் காலமும் மீறும்போது வாந்தியைத் தூண்டுகிறது. நீர்ச்சத்து இழந்து சிறுநீரகம் பழுதுபடும் அளவுக்கு இது போகக்கூடும். கஞ்சாவை முற்றிலும் நிறுத்துவதே இதற்கு நிலையான மருந்து.

இதை விளக்கி முடித்ததும் தந்தையார் ஒரு வினாவை எழுப்பினார். "கனடாவுல கடையிலயே விக்கறாங்கன்னு இவன் போன்ல காட்டறானுங்க. கெடுதல்னா கவருமெண்ட்டே விக்க உடுமுங்களா?"

அன்று கூட்டம் மிகுதி. அவசரமாக ஏதோ கூறி அனுப்பிவிட்டேன். அம்மனிதர் கேட்டதற்கு நேரான விடை கூறவில்லை என்ற உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவருடைய வினாவில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. கஞ்சா உடலுக்குக் கேடா என்பது ஒன்று. அதைப் பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமா என்பது மற்றொன்று. உலகெங்கும் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. நம் பிள்ளைகளோ அதை முதல் வினாவுக்கான விடையாக எடுத்துக்கொள்கின்றனர்.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உரிய பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழிவிடுவதே அதன் நோக்கம். கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் முதற்பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது. ஆயினும் கைப்பேசியில் அச்செய்தி வந்து சேர்ந்தபோது, 'கஞ்சா பாதுகாப்பானது' என்பதாகவே சுருங்கியிருந்தது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியைத் தடை செய்கிறது. தனித்த இலையையும் விதையையும் அந்த வரையறையில் சேர்க்கவில்லை. வடமாநிலங்கள் சிலவற்றில் பாங்கு கடைகள் நடப்பது இதனால்தான். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருபது கிலோவுக்கு மேற்பட்டால் 'வணிக அளவு'. அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை.

இச்சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்போர் சொல்லும் காரணங்கள் எள்ளி ஒதுக்கத்தக்கவை அல்ல. பிரிட்டிஷ் அரசு அமைத்த கஞ்சா ஆய்வுக்குழு 1893-94-இல் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை வேண்டியதில்லை என்று கூறியது. பாட்டியாலா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தரம்வீர காந்தி, தாமே ஓர் இதய மருத்துவர். 2016-இல் இச்சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொணர முயன்றார். சிறைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏழை இளைஞர்கள், பெரும் வணிகர்கள் தப்பிவிடுகின்றனர் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஒருமுறை வழக்குப் பதிவானால் அரசு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் அப்பிள்ளை அலையும் அலைச்சலை நான் கண்டிருக்கிறேன். கஞ்சா கெடுக்காத வாழ்வை வழக்கு கெடுத்துவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது.

இனி, அனுமதித்த நாடுகளில் நடந்தது என்ன?

கனடா 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோருக்குக் கஞ்சா விற்பனையை அனுமதித்தது. கைதுகள் வெகுவாகக் குறைந்தன; சட்டபூர்வக் கடைகள் கள்ளச்சந்தையின் பெரும்பகுதியைக் கைப்பற்றின. பதின்வயதினர் கூட்டம் கூட்டமாகக் கஞ்சாவுக்குத் திரும்புவர் என்று அஞ்சியவர்களின் அச்சமும் அந்த அளவில் மெய்ப்படவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே கஞ்சா கலந்த மிட்டாய், சாக்லேட் முதலியவை கடைக்கு வந்தன. பெரியவர் வாங்கி வைத்ததைத் தின்பண்டம் என்று எண்ணித் தின்ற குழந்தைகள் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வருவது பல மடங்கு உயர்ந்தது. அமெரிக்காவின் கொலராடோவிலும் இதுவே நிகழ்ந்தது. சட்டம் எழுதியோர் பதினெட்டு வயதுக்காரரை நினைத்து எழுதினர். நான்கு வயதுக்காரரை மறந்துவிட்டனர்.

நமக்கு இன்னும் அணுக்கமான நாடு தாய்லாந்து. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து அந்நாடு நீக்கியது. மருத்துவத்துக்கும் உழவர் வருமானத்துக்கும் என்பதே அரசு கூறிய நோக்கம். கேளிக்கைக்கான விற்பனையை வரையறுக்கும் சட்டம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கடைகள் தெருவெங்கும் முளைத்துவிட்டன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டின்றிக் கஞ்சாப் பூ விற்கலாகாது என்று ஆணையிட வேண்டியதாயிற்று. திறந்த கடையை மூடுவது எத்துணைக் கடினம் என்பதை அந்த அரசு இன்று உணர்கிறது.

அதே வட்டாரத்தில் சிங்கப்பூரும் இருக்கிறது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்தார் என்ற குற்றத்துக்காக, தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் 2023 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்டார். ஒரே செடிக்கு ஓரிடத்தில் கடை, மற்றோரிடத்தில் கயிறு. நுரையீரலும் மூளையும் எந்த நாட்டுச் சட்டத்தையும் படித்துவிட்டு நடப்பதில்லை.

இவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் சேலம் மாவட்டத்துக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது இம்மாவட்டத்தில்தான். மதுவையும் போதைச் சரக்குகளையும் சேர்த்தே அச்சட்டம் விலக்கியது. 1971-இல் விலக்கு தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தடையையும் அனுமதியையும் நம் தாத்தாக்களும் தந்தைகளும் மாறி மாறிக் கண்டவர்கள். அனுமதி வந்தால் கள்ளச்சரக்கு ஒழியும் என்று அன்றும் கூறப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது சட்டபூர்வக் கடைகள் திறந்தேதான் இருந்தன. பாதிக்கப்பட்டோரில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். வரி சேர்ந்த விலையைக் கொடுக்க இயலாத கூலித்தொழிலாளி மலிவானதைத் தேடித்தான் போவார். கஞ்சாவுக்கு மட்டும் இது வேறாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தென்படவில்லை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். பாங்கு உட்படக் கஞ்சாவின் ஏதேனும் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடி. மதுவே பெருங்கேடு, அதை விற்கும்போது இதை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்போர் இவ்வெண்களைக் காட்டுவர். நான் இவற்றை வேறு விதமாகப் படிக்கிறேன். கடை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தொலைவு இதில் ஒரு பகுதியேனும் இருக்கக்கூடும்.

மருத்துவரின் கவலை பெரிதும் வயதைப் பற்றியது. மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயதையொட்டித்தான் நிறைவடைகிறது. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் பகுதி கடைசியில் முதிர்கிறது. கஞ்சா பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர் என்றால், பதின்வயதில் தொடங்குவோரில் அது ஆறில் ஒருவராக உயர்கிறது. சுவீடனில் 1969-70-இல் படையில் சேர்க்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரம் இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு மிகுந்திருந்தது. எல்லாருக்கும் வருவதில்லை, குடும்பத்தில் மனநோய் இருந்தால் இடர் கூடும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் எங்களிடம் இல்லை. 1894-இன் அறிக்கையை மேற்கோள் காட்டுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதையூட்டும் பொருளின் அளவு 1995-இல் சுமார் 4 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பெயர் பழையது; சரக்கு பழையதன்று.

தறிக்கூடத்துக்கு வேறோர் அச்சமும் உண்டு. கஞ்சா மயக்கத்தில் நேரக்கணிப்பும் கை, கண் ஒருங்கிணைப்பும் தளர்கின்றன. நாடா பறந்துகொண்டிருக்கும் தறியருகே அரை நொடித் தாமதத்துக்கு என்ன விலை என்பதை விரலிழந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

'சிவமூலிகை' என்றும் சித்தர் கண்டது என்றும் சிலர் கூறுவதுண்டு. சில லேகியங்களில் கஞ்சா சேர்வது உண்மையே. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் கன்னாபிடியால் என்ற மருந்துக்கு, குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்கள் சிலவற்றுக்காக 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அபினியிலிருந்து வரும் மார்ஃபினைப் புற்றுநோய் வலிக்கு நாங்களும் தருகிறோம். அதற்காக எவரும் அபினி தின்பதில்லை.

ஆகவே அத்தந்தையாருக்கு இன்று நான் கூறும் விடை இது. கடை திறப்பதை நான் ஆதரிக்கவில்லை. பழக்கத்துக்கு ஆளான பிள்ளையைக் குற்றவாளியாக நடத்துவதையும் ஆதரிக்கவில்லை. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. நம் சட்டத்திலேயே இதற்கு ஒரு கதவு இருக்கிறது. அதை அறிந்தோர் மிகச் சிலர். 64-ஏ என்னும் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கை எதிர்கொள்ளும் அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்பளித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை நிறைவு செய்ய வேண்டும். இடையில் விட்டால் விலக்குத் திரும்பப் பெறப்படலாம்.

போலீசுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் மறைக்கின்றன. நோயாளி எங்களிடம் கூறுவது மருத்துவக் குறிப்போடு நிற்கும். எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, கொடுங்கனவு ஆகியவை நிறுத்திய முதல் வாரத்தில் மிகுந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். அந்நாள்களில் பிள்ளை எரிந்து விழுந்தால், அது திமிரன்று என்பதை வீட்டார் அறிந்திருந்தால் போதும். பாதிச் சண்டை குறையும். கஞ்சா ஆசையைப் போக்கும் தனி மாத்திரை இன்றுவரை இல்லை. தொடர்ந்த ஆலோசனையே சிகிச்சை. மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 ஆகிய கட்டணமில்லா எண்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம். காதில் ஒலிகளோ குரல்களோ கேட்பதாகக் கூறினாலும், காரணமற்ற ஐயம் கொண்டாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தாலும் தொலைபேசியோடு நில்லாது உடனே அழைத்து வாருங்கள்.

அவ்விளைஞரின் இசைவோடுதான் இதனை எழுதினேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு மாதங்கள் அவருக்கு வாந்தியே இல்லை. ஆடிப்பண்டிகையின்போது நண்பர்களோடு மீண்டும் புகைத்திருக்கிறார்; பத்தாம் நாள் வயிறு பிரட்டத் தொடங்கியது. இம்முறை பெற்றோருக்குக் காத்திராமல், இரவு வேலை முடிந்த கையோடு, பஞ்சு ஒட்டிய சட்டையுடன் காலை ஏழு மணிக்கே தாமாக வந்து சீட்டுப் பதிந்துவிட்டு அமர்ந்திருந்தார். அடுத்த ஆலோசனைக்கு வரும் வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறோம்.