புதினமும் சின்னத்திரையும்

அச்சில் பிறந்த புதினம் சின்னத்திரைக்கு வருங்கால் பெறுவது யாது, இழப்பது யாது என்னும் வினாவிற்குச் சார்லஸ் டிக்கன்சின் ‘பிளீக் ஹவுஸ்’ தக்க சான்றாகும்.

1852 மார்ச்சு முதல் 1853 செப்டம்பர் வரை அது மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அடுத்த பகுதிக்குக் காத்திருத்தலும் படிப்பின் ஒரு கூறாகவே அன்று விளங்கியது. 2005இல் ஆண்ட்ரூ டேவிஸின் திரைக்கதையில் பி.பி.சி. அதனைத் தொடராக்கியது. முதற்பகுதி ஒருமணி நேரம். ஏனைய பதினான்கும் அரைமணி நேரம். வாரம் இருமுறை ஒளிபரப்பு. எனவே, சின்னத்திரை புதினத்தைச் சிதைத்தது என்பதைவிட, அதன் பழைய தொடர் வடிவத்தை மீட்டளித்தது என்பதே பொருந்தும். தொலைக்காட்சியை வகுப்பறையில் பழித்துவந்த நாம் நம் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியவராகிறோம்.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. இப்புதினத்தில் கதைசொல்லிகள் இருவர். எஸ்தர் என்னும் பெண் தன் வரலாற்றைத் தானே இறந்தகாலத்தில் உரைக்கிறாள். மற்றொரு குரல் பெயரற்றது, நிகழ்காலத்தில் பேசுவது. தெருக்கூட்டிப் பிழைக்கும் சிறுவன் ஜோ இறக்குமிடத்தில் அக்குரல் அரசியையும் பிரபுக்களையும் சமயத் தலைவர்களையும் நேரே விளித்து, அச்சாவிற்குச் சமுதாயமே பொறுப்பு என உணர்த்துகிறது. படக்கருவி சிறுவனின் முகத்தைக் காட்டும். நாம் கண்ணீர் உகுப்போம். நூலின் குரலோ நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

ஆதலின், திரையைக் கண்ட மாணவர் அத்துடன் நின்றுவிடாது நூலையும் நாடுதல் வேண்டும். திரை வாயிலே, வீடு நூலேயாம்.